ஹாலுக்கு ரெண்டு வாசல்

மௌரீன்: இல்லங்க, என்னால ஆகாது. அந்த அம்மா வேஷத்துக்கு வேற யாரையாவது போடச் சொல்லுங்க.

சிரில்: நாளைக்குக் காலைல பூசை முடிஞ்ச கையோட நாடகம். இப்ப போய் வேற ஆளுக்கு எங்க போறது மௌரி?

மௌரீன்: வீணா இருக்காளே.

சிரில்: வீணாவா? அவ புருஷன் மைக்கேல்ராஜுக்குக் குடுத்த கெட்டவன் வேஷத்துக்கே இன்னும் ஃபாதர் கிட்ட மல்லுக்கட்டிட்டு இருக்கா. அவள மேடை ஏத்துனா மைக்கேல்ராஜை அங்கயே வெச்சு நாலு சாத்து சாத்துவா.

மௌரீன்: ஐயோ, சிரிக்க வெக்காதீங்க. வெங்காயம் வெட்டறேன், கைய வெட்டிக்கப் போறேன்.

சிரில்: வெங்காயமா? அதான் கண்ணு செவந்திருக்கா?

மௌரீன்: அதான்.

சிரில்: பலகைல இருக்கறது பீன்ஸ்.

மௌரீன்: ...வெங்காயம் அடுத்தது.

சிரில்: சரி, நகரு. நான் வெட்டறேன்.

மௌரீன்: நீங்க ஒண்ணும் வெட்ட வேணாம். இருங்க... விரல்ல என்னது? காலைல போறப்ப இந்தக் கட்டு இல்லையே.

சிரில்: ஒண்ணுமில்ல. சர்ச் ஹால்ல ஃபேன் ரிப்பேர்னு ஏணி போட்டு ஏறினேன்ல. லேசா கிழிச்சிடுச்சு.

மௌரீன்: ஃபேன் கிழிக்குமா?

சிரில்: ஓடறப்ப தொட்டா கிழிக்கும்.

மௌரீன்: இத்தன வருஷமா மைக் செட்டு, வயரிங்குன்னு தொழில் பண்றவரு ஓடற ஃபேனைத் தொட்டாராம். யாருக்குக் காது குத்தறீங்க?

சிரில்: பீன்ஸை வெங்காயம்ங்கறவ கேக்கறா.

மௌரீன்: ஏணி போட்டீங்கன்னா முன்வாசல் போட்டோவோட பல்பையும் மாத்தியிருப்பீங்களே. ஹால் கட்டின மதலைமுத்து அங்கிள் போட்டோவுக்கு லைட் எரியலன்னு ஃபாதர் போன ஞாயித்துக்கிழமையே சொன்னாரு.

சிரில்: மாத்தல.

மௌரீன்: ஏன்? வருஷா வருஷம் நீங்க தான மாத்துவீங்க?

சிரில்: இந்தத் தடவ தோணல... சரி, நீ பேச்ச மாத்தாத. அம்மா வேஷம் வேணாம்னா வேணாம். அம்ருதா மேடத்துக்கு நானே ஃபோன் போட்டு சொல்லிடறேன். பாவம், ஸ்கூல், அபார்ட்மென்ட், ஹெப்பகோடில ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்னு அலைஞ்சு, பிள்ளைங்க மேல யாரும் தப்பா கை வெக்காம எப்படிப் பாத்துக்கறதுன்னு சொல்லிக் குடுக்கற பொண்ணு. நம்ம சர்ச் பங்குல தான் முதல் தடவையா நாடகமா போடறாங்க. போடட்டும். நீ இல்லாம.

மௌரீன்: குத்திக் காட்டாதீங்க.

சிரில்: சத்தியமா குத்தல. அந்த விஷயத்த வாயால சொல்லவே நம்ம கமிட்டிக்காரங்களுக்குக் கூச்சம். நோட்டீஸ்ல என்ன போட்டிருக்காங்க பாத்தியா? 'குடும்ப நல நிகழ்ச்சி, பிரியாணி உண்டு.'

மௌரீன்: பிரியாணிக்காவது வரட்டும். வந்தா காதுல விழும்ல.

சிரில்: பாத்தியா? உனக்கு இதுல எவ்ளோ அக்கறை. அப்புறம் எதுக்கு இந்த நக்ரா, பிகு? நாடகம் இப்படி மாறினதே உன்னால தான்.

மௌரீன்: நான் என்ன பண்ணேன்?

சிரில்: எனக்குக் குடுத்த கெட்டவன் வேஷத்தப் புடுங்கி மைக்கேல்ராஜ் கிட்ட குடுத்தது யாரு?

மௌரீன்: புடுங்காம? கூலிங் கிளாஸு, முரட்டு மீசை, கழுத்துல கைக்குட்டை... நீங்க மேடை ஏறினதும் பிள்ளைங்க எல்லாம் 'ஏய், யூதாஸ் அங்கிள்!'னு விசில் அடிச்சுதுங்க.

சிரில்: நான் என்ன செய்ய? ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் இயேசு பாடுகள் நாடகத்துல காட்டிக் குடுக்கற யூதாஸ் வேஷம் என் தலைல கட்டறாங்க. சிவாஜிநகர்ல மீன்காரன் கூட 'யூதாஸண்ணே, மத்தி ஃப்ரெஷ்ஷா இருக்கு, வாங்க'ங்கறான்.

மௌரீன்: அது மட்டுமா? போன வருஷம் குடி ஒழிப்பு நாடகத்துல குடிகாரன் யாரு?

சிரில்: நான்.

மௌரீன்: அதுக்கு முந்தி, செயின் அறுக்கறவன்?

சிரில்: நான் தான். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைங்களக் கொல்ற ஏரோது ராஜாவும் நான் தான். எழுதி வெச்ச மாதிரி.

மௌரீன்: கெட்டவன்னா கூப்புடு சிரிலைன்னு நம்ம பங்குல வழக்கமாவே போச்சு. அப்போ பிள்ளைங்களுக்கு என்ன பதியும்? கெட்டவன் யூதாஸ் மாதிரி இருப்பான், மத்தவங்க எல்லாம் நல்லவங்க. அந்த ஒரு மீசைய மட்டும் பாத்துப் பயந்தா போதும்.

சிரில்: அம்ருதாவும் அதையே தான் சொன்னாங்க. 'சாருக்கு நல்லா வருது. ஆனா எனக்குப் பாத்த உடனே யாருமே உஷார் ஆகாத ஆள் வேணும்'னு.

மௌரீன்: அதுக்கு மைக்கேல்ராஜ் தான் சரி. இயேசு வேஷம் போடறவரு. எல்லார் வீட்லயும் சமையக்கட்டு வரைக்கும் வருவாரு.

சிரில்: பாவம்டி அவன். ஒரு எறும்பக் கூட மிதிக்க மாட்டான். 'இத நான் பண்ணா அடுத்த பெரிய வெள்ளிக்கு யாரு எனக்கு சிலுவை குடுப்பாங்க?'ன்னு அழாத குறை. நீ தான் அவனத் தனியா மாமரத்துக்கிட்ட கூட்டிட்டுப் போய் பேசின. திரும்பி வந்தவன் ஒரே வார்த்தை தான் சொன்னான்... 'பண்றேன்.' அப்படி என்ன சொன்ன அவன் கிட்ட?

மௌரீன்: ஒண்ணும் சொல்லல.

சிரில்: சரி.

மௌரீன்: ...கேக் டப்பாவோட வர்றவர நினைச்சுக்கோங்கன்னேன். அவரு வந்தா வீட்டுக்காரங்களே எழுந்து சேர் போடுவாங்க. பிள்ளை எங்கன்னு யாரும் தேட மாட்டாங்க. 'அங்கிள் கிட்ட தான இருக்கு'ன்னு விட்டுடுவாங்க. அந்த மாதிரி ஒருத்தரக் காட்டணும், அதுக்கு உங்க மூஞ்சி தான் வேணும்னேன். அவ்ளோ தான்.

சிரில்: நாடகத்துல கேக் டப்பா கிடையாதே. சாக்லேட்டு தான்.

மௌரீன்: எல்லாம் ஒண்ணு தான். குக்கர் கத்துது பாருங்க, அணைங்க.

சிரில்: அணைச்சாச்சு. மௌரி, உனக்கு எது பேஜார்? வசனமா, கூட்டமா?

மௌரீன்: ரெண்டும் இல்ல... அந்த அம்மா முன்வாசல் வழியா வந்து, கூட்டத்துக்கு நடுவுல நடந்து மேடை ஏறணும்ங்கறாங்க. எதுக்குங்க? பக்கவாசல் வழியா வந்து சுமனே, சும்மா நின்னா ஆகாதா?

சிரில்: அந்த அம்மா நம்மள்ல ஒருத்தின்னு தெரியணும்ல. அதுக்குத் தான் நடுவுல நடக்கச் சொல்றாங்க... ஆமா, உனக்கும் முன்வாசலுக்கும் என்ன தகராறு? நம்ம கல்யாண ரிசப்ஷன்லயே பட்டுப் புடவையோட, பாத்திரம் கழுவற எடம் வழியா ஹாலுக்கு வந்தவ நீ.

மௌரீன்: அன்னிக்கு மழை.

சிரில்: மே மாசம்.

மௌரீன்: பெங்களூர்ல மே மாசம் மழை பெய்யாதா?

சிரில்: பெய்யும், பெய்யும். எனக்குத் தெரிஞ்சு நீ அந்த முன்வாசல மிதிச்சது ஒரே தடவ. போன வாரம் ரிகர்சல்ல கரண்ட் போச்சே, அன்னிக்கு.

மௌரீன்: இருட்டுல எந்த வாசல்னு யாரு பாத்தா?

சிரில்: நான் பாத்தேன். டார்ச் என் கைல தான இருந்துச்சு. சரி, விடு. நான் அம்ருதாவுக்கு ஃபோன் போடறேன்.

மௌரீன்: இருங்க. அந்தப் பேப்பரக் குடுங்க. ஒரே ஒரு தடவ பாத்துடறேன். வரலன்னா போடுங்க.

சிரில்: பிள்ளைக்கு?

மௌரீன்: நம்ம லவினா ஸ்கூல் பை இருக்கு பாருங்க. அத சேர்ல வைங்க. மேடைலயும் பை தான... நெஜப் பிள்ளைய நடிக்க விடவே கூடாது, பை போதும்னு அந்தப் பொண்ணு சொன்னப்ப, எனக்கு அவ கையப் புடிச்சுக்கணும் போல இருந்துச்சு.

சிரில்: வெச்சாச்சு. பிள்ளை வசனம் நான் சொல்றேன். 'அம்மா, அந்த அங்கிள் வந்தா எனக்குப் பயமா இருக்கும்மா. அவரு தொடறது எனக்குப் பிடிக்கல.'

மௌரீன்: மைக் டெஸ்டிங் மாதிரி இருக்கு.

சிரில்: ஹலோ, ஹலோ, செக்... ம், உன் வசனம்.

மௌரீன்: 'சீ, வாய மூடு! அவரப் பத்தி அப்படிப் பேசலாமா? யார் கிட்டயும் சொல்லித் தொலைக்காத. உங்க அப்பாவுக்கு வேலை வாங்கிக் குடுத்தவருடி அவரு. வெளிய தெரிஞ்சா நாளைக்கு உன்ன எவன் கட்டுவான்? அழாத. போ, மூஞ்சக் கழுவு. கரோல் டீம் வந்துடுச்சு, கேக் தட்ட எடுத்துட்டுப் போய் அவருக்குக் குடு.'

சிரில்: இரு, பேப்பர இன்னொரு தடவ பாக்கறேன்.

மௌரீன்: என்ன? சரியா தான சொன்னேன்?

சிரில்: நல்லா சொன்ன. பேப்பர்ல 'யார் கிட்டயும் சொல்லித் தொலைக்காத'யோட முடிஞ்சிடுது.

மௌரீன்: அப்போ மீதி?

சிரில்: அது நீயா சொன்னது.

மௌரீன்: ...ஒரு வேகத்துல வந்துடுச்சு. விடுங்க.

சிரில்: விட்டுட்டேன். அடுத்தது பாக்கலாமா? இங்க அம்ருதா நாடகத்த நிறுத்துவாங்க. 'இந்த அம்மா வேற என்ன சொல்லியிருக்கலாம்?'னு கூட்டத்தக் கேப்பாங்க. அப்புறம் அதே இடம், திரும்ப. பிள்ளை அதையே சொல்லும். நீ ரெண்டாவது பதில் சொல்லணும்.

மௌரீன்: 'நீ... நீ என் கிட்ட சொன்னது...' த்ச். திரும்ப.

சிரில்: மெதுவா.

மௌரீன்: 'நீ என் கிட்ட சொன்னது ரொம்ப நல்லது. நான் உன்ன...' இல்லங்க. வரல. பொய்யா இருக்கு.

சிரில்: பொய்யா?

மௌரீன்: முதல் பதில எப்படிச் சொல்லணும்னு எனக்குத் தெரியுது. எங்க குரல ஒசத்தணும், எங்க பல்லக் கடிக்கணும், எல்லாம். இது தெரியல. யாரும் சொல்லி நான் கேட்டதே இல்ல. கேக்காத பாட்ட எப்படிங்க பாடறது?

சிரில்: ...ஃபோன் அடிக்குது. லவினா தான். ஒக்கலிபுரத்துலேர்ந்து.

மௌரீன்: ஸ்பீக்கர்ல போடுங்க, கை ஈரம். சொல்லுடா தங்கம். அத்தை வீட்ல சாப்ட்டியா?

லவினா: சாப்ட்டேன் மம்மி. நான் பால்கனிலேர்ந்து பேசறேன். அத்தை கோவமா இருக்காங்க.

சிரில்: என்ன ஆச்சு பாப்பா?

லவினா: கீழ் வீட்டு எரிக் தாத்தா வந்தாரு. பெரிய சாக்லேட் கொண்டு வந்தாரு. முத்தம் குடுத்தா தான் தருவேன்னாரு. நான் 'பேடா, வேணாம்'னேன். ஷேக் ஹேண்ட் மட்டும் குடுத்தேன்.

மௌரீன்: அப்புறம்? அவரு என்ன பண்ணாரு?

லவினா: ஒண்ணும் பண்ணல, சிரிச்சாரு. போயிட்டாரு. ஆனா அத்தை தான், 'பெரியவங்க ஆசையா கேட்டா இப்படியா? ரொம்பத் திமிரு உனக்கு'ன்னு எல்லார் முன்னாடியும் திட்டிட்டாங்க... மம்மி, நான் தப்பு பண்ணிட்டேனா?

மௌரீன்: இல்லடா.

லவினா: அத்தை தப்புன்னாங்களே.

மௌரீன்: லவினா, இங்க கேளு. நீ என் கிட்ட சொன்னது ரொம்ப நல்லது. நான் உன்ன நம்பறேன். உன் மேல ஒரு தப்பும் இல்ல. உனக்குப் பிடிக்கலன்னா வேணாம்னு சொல்லலாம். அது தாத்தாவா இருந்தாலும் சரி, ஃபாதரா இருந்தாலும் சரி, டாடியா இருந்தாலும் சரி. அத்தை கிட்ட மம்மி பேசிக்கறேன். நீ எதுக்கும் பயப்படாத.

லவினா: ...அப்போ சாக்லேட்?

மௌரீன்: டாடி வாங்கித் தருவாரு.

லவினா: அதே மாதிரி பெருசா?

சிரில்: அத விடப் பெருசா. இப்பவே வந்து கூட்டிட்டு வரட்டுமா?

லவினா: வேணாம் டாடி, நாங்க கேரம் ஆடறோம். நான் ஜெயிச்சிட்டு இருக்கேன். நாளைக்கு சர்ச்சுக்கு நேரா வந்துடுவோம். மம்மி நாடகம் நான் முன்னாடி உக்காந்து பாக்கணும். பை!

சிரில்: வெச்சுட்டா... மௌரி.

மௌரீன்: ம்.

சிரில்: சொல்லிட்ட.

மௌரீன்: என்னத்த?

சிரில்: ரெண்டாவது பதில. பேப்பர்ல இருக்கறத விட நல்லா. ஒரு எடத்துல கூட தட்டல... அழறியா?

மௌரீன்: வெங்காயம்.

சிரில்: சரி. வெங்காயம் தான். இந்தா, துண்டு.

மௌரீன்: எவ்ளோ சுலபமா இருக்குங்க... ஒரு பிள்ளை கிட்ட அத சொல்றது. மூச்சு விடற நேரம். அதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. அவ கேரம் ஆடப் போயிட்டா.

சிரில்: ம்.

மௌரீன்: நானும் லவினா வயசுல இருந்தேன். கிறிஸ்துமஸுக்குக் கரோல் டீம் பாட வீடு வீடா வரும்ல. பாட்டு முன்ரூம்ல நடக்கும். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்த சரி பண்ணிக்கறதுக்குன்னு அவரு உள்ரூமுக்கு வருவாரு. அம்மா கேக் தட்ட என் கைல குடுத்து அனுப்புவாங்க. வெளிய எல்லாரும் பாடிட்டு இருப்பாங்க. நல்லாப் பாடுவாங்க. சத்தம் போட்டா யாருக்கும் கேக்காது... ஒரு வருஷம் மட்டும் இல்லங்க.

சிரில்: அதான் டிசம்பர் வந்தா லவினாவ இடுப்ப விட்டு எறக்க மாட்டியா?

மௌரீன்: நீங்க கிண்டல் பண்ணுவீங்க. 'பொண்ணு ஒட்டிப் பொறந்துட்டாளா'ன்னு.

சிரில்: பண்ணியிருக்கேன். இனிமே பண்ண மாட்டேன்... நீ சொல்ற வரைக்கும் சொல்லு. போதும்னா நிறுத்திடு.

மௌரீன்: அம்மா கிட்ட சொன்னேன். அம்மா என்ன சொன்னாங்கன்னு தான் இப்ப கேட்டீங்களே. பேப்பர்ல இல்லாத மீதி.

சிரில்: கேட்டேன்.

மௌரீன்: அவங்களத் தப்பா நினைக்காதீங்க. பயந்துட்டாங்க. வேற என்ன சொல்றதுன்னு தெரியல. அவங்களுக்கு யாரும் நாடகம் போட்டுக் காட்டல.

சிரில்: நினைக்க மாட்டேன்.

மௌரீன்: யாருன்னு கேக்க மாட்டீங்களா?

சிரில்: நீ சொல்லணும்னு நினைச்சா கேட்டுக்கறேன்.

மௌரீன்: சொன்னா நம்புவீங்களா? ஊரே கையெடுத்துக் கும்புடற ஆளு. செத்தப்ப பங்கே அழுதுச்சு. நானும் போய் பூ போட்டேன். போடலன்னா ஏன்னு கேப்பாங்களே... மதலைமுத்து அங்கிள். காசு திரட்டி ஹால் கட்டினவரு. முன்வாசலுக்கு மேல மாலை போட்டு, லைட் போட்டு மாட்டி வெச்சிருக்காங்களே. அவரே தான்.

சிரில்: மௌரீன்.

மௌரீன்: ம்.

சிரில்: நீ என் கிட்ட சொன்னது ரொம்ப நல்லது. நான் உன்ன நம்பறேன். உன் மேல ஒரு தப்பும் இல்ல.

மௌரீன்: ...அது என் வசனம்.

சிரில்: உன்னது தான். அன்னிக்கே உனக்கு வந்திருக்க வேண்டியது. லேட்டா வருது.

மௌரீன்: மைக் டெஸ்டிங் மாதிரியே இருக்கு.

சிரில்: குரல் அப்படி, என்ன பண்ண?

மௌரீன்: இன்னொரு தடவ சொல்லுங்க.

சிரில்: உன் மேல ஒரு தப்பும் இல்ல மௌரி.

மௌரீன்: ...இவ்ளோ நாள் உங்க கிட்ட மறைச்சதுக்குக் கோவம் இல்லையா?

சிரில்: உன் மேலயா? இல்லவே இல்ல. அந்த பல்ப நான் இத்தன வருஷம் மாத்தி மாத்திப் போட்டேனே, அத நினைச்சா தான் வயிறு எரியுது.

மௌரீன்: உங்களுக்கு எப்படித் தெரியும்? விடுங்க... ஃபாதர் கிட்ட, கமிட்டி கிட்ட எல்லாம் இப்ப எதுவும் சொல்ல வேணாம். சொல்லணும்னு தோணறப்ப நானே சொல்றேன்.

சிரில்: நீ எப்பச் சொன்னாலும் பக்கத்துல நிப்பேன். சொல்லவே இல்லன்னாலும் நிப்பேன்.

மௌரீன்: அப்போ அம்ருதாவுக்கு ஃபோன் வேணாம். அந்த அம்மா வேஷத்த நானே பண்றேன்.

சிரில்: நெஜமா? எனக்காகச் சொல்லாத.

மௌரீன்: உங்களுக்காக இல்ல. நாளைக்கு அந்தக் கூட்டத்துல, பிரியாணிய வாயில வெக்காம ஒரு பிள்ளை உக்காந்திருந்தா? அது அம்மாவும் பக்கத்துலயே இருந்தா? ரெண்டாவது பதில்னு ஒண்ணு இருக்குன்னு ரெண்டு பேரும் காதால கேக்கட்டும். என் வாயாலயே கேக்கட்டும்.

சிரில்: கேப்பாங்க. மைக் நான் தான் போடறேன், கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கும்.

மௌரீன்: ஒண்ணே ஒண்ணு மட்டும்ங்க. முன்வாசல் வழியா மட்டும் என்னால முடியாது. அந்த மூஞ்சிக்குக் கீழ நடந்து போய் அந்த வசனத்த நான் எப்படிச் சொல்லுவேன்? அம்ருதா கிட்ட நீங்களே ஏதாவது சாக்கு சொல்லி, பக்கவாசல்னு மாத்திடுங்க.

சிரில்: முன்வாசல் வழியாவே வா மௌரி. என் விரல கிழிச்சது ஃபேன் இல்ல, அந்த போட்டோ கண்ணாடி... நீ இருட்டுல மட்டும் அந்த வாசல்ல வந்தத பாத்ததுலேர்ந்தே சந்தேகம், அதான் காலைலயே எறக்கி, சாமான் ரூம்ல சுவர் பக்கமாத் திருப்பி வெச்சுட்டேன். யாராவது கேட்டா யூதாஸ் தான் எடுத்தான்னு சொல்லு. திட்டட்டும், எனக்கு அது பழகினது தான.